கூடப்பிறந்தவர்கள்: அனைவரும் நலம்

அத்தியாயம் 17

உல்கான் சொல்லச் சொல்ல கென்ஜே எழுதினாள்.

தடுப்பூசி மருத்துவமனையில் கொடுத்தனுப்பிய படிவம் மூன்று பக்கம் இருந்தது. சாப்பாட்டு விரிப்பில் ஜாம் கிண்ணத்தை ஓரமாகத் தள்ளிவிட்டு, காகிதத்தைத் தொடையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள் அவள்.

"அம்மா, உனக்கு என்னென்ன வியாதி? சொல்லு."

"எனக்கென்ன வியாதி? கல்லு மாதிரி இருக்கேன்."

"அப்ப பிரஷர் மாத்திரைய யாரு முழுங்குறது? பூனையா?"

"சரி, பிரஷர்னு போடு. முட்டி வலியையும் போடு. மருமக டீயை ஆற வெச்சுக் குடுக்குறான்னும் சேத்துப் போடு."

சமோவார் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மருமகள் ஜிபார் அத்தையின் கிண்ணத்தை வாங்கி, இருந்ததைக் கொட்டிவிட்டுச் சூடாக ஊற்றினாள். அரைக் கிண்ணம்தான். முழுக்க ஊற்றினால் 'குடிச்சிட்டுக் கிளம்பு' என்று சொல்வதுபோல ஆகிவிடும்.

"அப்பாவுக்கு?"

"இருதயம். தூக்கத்துலயே போயிட்டாரு, புண்ணியவான்."

"கூடப்பிறந்தவங்க?"

"ரெண்டு அண்ணன். ரெண்டும் குதிரை மாதிரி இருக்கானுங்க. எல்லாரும் நல்லா இருக்காங்கன்னு போடு."

கென்ஜே எழுதினாள். எழுதியதை உதட்டுக்குள் படித்தும் பார்த்தாள். "கூடப்பிறந்தவர்கள்: அனைவரும் நலம்."

ஜிபாரின் கையிலிருந்த கிண்ணம் நிரம்பி, விளிம்பைத் தாண்டி, விரிப்பில் வழிந்தது.

"எங்க பாத்துக்கிட்டு ஊத்துற?" என்றாள் உல்கான். குரலில் கோபமில்லை. ஆனால் பார்வை ஒரு நொடி கூடுதலாக மருமகள் முகத்தில் நின்றது.

ஜிபார் துணியை எடுத்து விரிப்பைத் துடைத்தாள்.

கென்ஜேவுக்கு இருபத்து நான்கு வயது. கரா-பல்தாவில் தங்கம் சோதிக்கும் கூடத்தில் வேலை. போன மாதம் கானா நாட்டிலிருக்கும் ஒரு சுரங்கத்துக்கு ஆறு பேரைத் தேர்ந்தெடுத்தார்கள். ஆறு பேரில் ஒரே பெண் அவள். இரண்டு வருட ஒப்பந்தம். பதினான்காம் தேதி விமானம். மஞ்சள் காய்ச்சல் ஊசி போட்ட சான்று இல்லாமல் அந்த நாட்டில் கால் வைக்க முடியாது. அந்தச் சான்று ஊசி போட்டுப் பத்து நாள் கழித்துத்தான் செல்லும். இரண்டு தடவை போய், மருந்து வரவில்லை என்று திரும்பி வந்தாயிற்று. இன்று தேதி நான்கு. இன்று போட்டால் விமானம். விட்டால் இல்லை. காத்திருப்போர் பட்டியலில் ஏழாவதாக ஒருவன் தயாராக இருக்கிறான்.

போன வாரம் ராத்திரிச் சாப்பாட்டில் ஜிபார், "கொஞ்சம் யோசிச்சுப் போலாமே" என்று ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னாள். "நான் இந்த வாசலைத் தாண்டவே கூடாது, அதானே உங்களுக்கு?" என்று கென்ஜே தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போனாள். மூன்று நாள் அண்ணியோடு பேசவில்லை.

ஆனாலும் இன்று துணைக்குப் போவது ஜிபார்தான். "ஊசி போட்டா மயக்கம் வரும். தனியாப் போகக் கூடாது" என்பது உல்கானின் உத்தரவு. அவளுக்கு முட்டி ஒத்துழைக்காது. மகன் எர்மெக்குக்கு, ஜிபாரின் கணவனுக்கு, ஆலையில் விடுப்பு கிடைக்காது.

கிளம்பும்போது உல்கான் வாசல்வரை நொண்டி வந்தாள். இரண்டு உள்ளங்கைகளையும் ஏந்தி, போகிற காரியம் நல்லபடியாக முடியட்டும் என்று வாழ்த்தி, முகத்தைத் தடவிக்கொண்டாள். "ஊசி போட்ட உடனே ஒரு போன் பண்ணு. மாவு பிசைஞ்சு வெச்சிருக்கேன். நீ போன் பண்ணாத்தான் ரொட்டி போடுவேன்."

பயணம் போகிறவர்கள் ஒரு கடி கடித்துவிட்டு, மீதியை வீட்டில் மாட்டிவைத்துப் போகிற ரொட்டி அது. போனவர் திரும்பி வந்து மீதியைத் தின்ன வேண்டும்.

"பத்து நாள் இருக்கே அம்மா, இப்பவே எதுக்கு?"

"ஒத்திகை. அடுப்பு எப்படி இருக்குன்னு பாக்க வேணாமா?" என்று சொல்லி, உல்கான் மகளின் கோட்டுக் கழுத்துப் பட்டையைச் சரி செய்தாள். சரியாக இருந்த பட்டையைத்தான் சரி செய்தாள். கண் கலங்கியது தெரியாமலிருக்க வேறு வேலை அவளுக்கு அகப்படவில்லை.

ஜிபார் அதைப் பார்த்தபடி நின்றாள். அந்தக் கிழவி அந்தப் பெண் மேல் வைத்திருக்கிற பிரியத்தில் ஒரு சொட்டுக்கூடப் பொய் கிடையாது. ஜிபாரின் கஷ்டமே அதுதான்.

*

மினி பஸ்ஸில் பக்கத்துப் பக்கத்து இருக்கை. தெற்கே மலை முழுக்க இன்னும் பனி. கீழே சாலையோரத்து வாதுமை மரங்கள் மட்டும் அவசரப்பட்டுப் பூத்திருந்தன.

அரை மணி நேரம் கழித்துக் கென்ஜே கைப்பையிலிருந்து ஒரு பட்டியலை எடுத்து அண்ணியின் மடியில் வைத்தாள். அதுதான் அவளுடைய சமாதானம்.

"பாருங்க. டைபாய்டு ஊசி, மஞ்சள் காமாலை ஊசி, மூளைக்காய்ச்சல் ஊசி. அப்புறம் மலேரியாவுக்கு வாராவாரம் மாத்திரை. நான் கானாவுக்குப் போறேனா, மருந்துக் கடைக்குக் குடி போறேனான்னு தெரியல."

"மாத்திரைய மறக்காமப் போடுவியா சின்னக்குட்டி?"

"போன்ல அலாரம் வைப்பேன். நீங்க இருக்கீங்களே, அதுக்கும் மேல ஒரு அலாரம்."

ஜிபார் சிரித்தாள்.

சின்னக்குட்டி. ஜிபாரின் வாயில் இந்தப் பெண்ணுக்கு அந்தப் பெயர் மட்டும்தான். கணவன் வீட்டு மனிதர்களின் பெயரை மருமகள் உச்சரிக்கக் கூடாது என்பதில் உல்கான் பழைய ஆள். கொழுந்தனுக்கு ஜிபார் வைத்த பெயர் 'வெள்ளைத்துரை'. நாத்தனாருக்கு 'சின்னக்குட்டி'. இந்தக் காலத்து மருமகள்கள் யாரும் இதைப் பார்ப்பதில்லை. ஜிபார் பத்தொன்பது வயதில் பழகிய நாக்கை மாற்றிக்கொள்ளவில்லை.

நாத்தனார். அதுவும் அப்படி வைத்துக்கொண்ட பெயர்தான்.

ஜிபாருக்கு முதல் பிரசவம் ஆகி நாற்பதாவது நாள், குழந்தையைக் குளிப்பாட்டி, புதுத்துணி சுற்றி, மாமியாரின் மடியில் வைத்தார்கள். தலைப்பிள்ளை பெரியவர்களுக்கு. அதை யாரும் கேட்டு வாங்குவதில்லை, யாரும் மறுப்பதுமில்லை. பிறப்புச் சான்றிதழிலேயே தாயார் உல்கான் என்றுதான் எழுதினார்கள். கடைக்குட்டி என்று பொருள்படும் பெயரை மாமனார் வைத்தார். அன்றிலிருந்து எர்மெக் அவளுக்கு அண்ணன். ஜிபார் அண்ணி. பக்கத்து அறையில் குழந்தை அழும்போது எழுந்து போகாமலிருக்க ஜிபார் கட்டிலின் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு படுத்திருந்த இரவுகள் உண்டு. வீட்டில் யாரும் ஒரு நாளும் இதைப் பற்றிப் பேசியதில்லை. கென்ஜேவுக்கு இது தெரியாது என்றே ஜிபார் நம்பினாள்.

பஸ் வளைவில் திரும்பியது. மேட்டில் இடுகாட்டின் களிமண் கூரைகள் தெரிந்தன. பஸ்ஸில் இருந்த எல்லோரும், ஓட்டுநர் உட்பட, ஒரு கையாலாவது முகத்தைத் தடவிக்கொண்டார்கள்.

கென்ஜே இரண்டு தடவை தடவிக்கொண்டாள்.

"ஒண்ணு அப்பாவுக்கு," என்றாள். "இன்னொண்ணு உங்க பெக்ஸாத்துக்கு."

கைக்குழந்தையாகவே போய்விட்ட இரண்டாவது பிள்ளையின் பெயர் காதில் விழுந்ததும் ஜிபார் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"எனக்கு அவனை லேசா ஞாபகம் இருக்கு அண்ணி. நாலு வயசு இருக்குமா எனக்கு? அவனுக்கு ஜாம் ஊட்டி விட்டு அம்மாகிட்ட அடி வாங்கினேன்."

"வாய் பூரா வெள்ளைப் புண்ணு அவனுக்கு. ஜாமைத்தான் முழுங்கினான். பாலை முழுங்கல."

"பாவம் நீங்க," என்றாள் கென்ஜே. மூன்று நாள் கோபமும் அந்த வார்த்தையில் கரைந்து போயிருந்தது.

பாவம் நீங்க. ஜிபார் அந்த வார்த்தையை நகரம் வரும்வரை மனதுக்குள் புரட்டிக்கொண்டே வந்தாள்.

*

டாக்டர் தமீராவுக்கு ஐம்பது வயதிருக்கும். வேகமாகப் பேசுகிறவள், ஆனால் வேகமாகக் கேட்கிறவள் இல்லை. ஒரு பதில் வரும்வரை பேனாவைத் தூக்கிப் பிடித்தபடி காத்திருந்தாள்.

"கானால எங்க? ஊரா, காடா?"

"சுரங்கம், டாக்டர். சுத்திக் காடுதான்."

"அப்ப கொசுவலைக்குள்ள தூங்கணும். சாயங்காலம் ஆனா முழுக்கைச் சட்டை. கொதிக்க வெச்ச தண்ணி, இல்லன்னா சீல் வெச்ச பாட்டில். ஐஸ் போட்டு எது குடுத்தாலும் வேணாம்னு சொல்லணும். காய்ச்சல் வந்தா தலைவலி மாத்திரையப் போட்டுக்கிட்டுப் படுக்கக் கூடாது. அன்னைக்கே ரத்தம் பாக்கணும். மலேரியா ஒரு நாள் தாமதத்தைக்கூட மன்னிக்காது. புரியுதா?"

"புரியுது."

"முட்டை சாப்பிட்டா தடிப்பு, மூச்சுத் திணறல்?"

"ஆறு முட்டை வெச்சாலும் சாப்பிடுவா," என்றாள் ஜிபார்.

"நீங்க யாரு?"

"அண்ணி," என்றாள் கென்ஜே.

டாக்டர் தலையாட்டிவிட்டு, படிவத்தைப் புரட்டினாள். கென்ஜேவின் இடது தோளைத் திறக்கச் சொல்லி, பிறந்தவுடன் போட்ட காசநோய் ஊசியின் தழும்பை விரலால் தடவிப் பார்த்தாள். சின்ன, வட்டமான, சமர்த்தான தழும்பு.

"மஞ்சள் காய்ச்சல் ஊசி மத்த ஊசி மாதிரி இல்ல. உயிரோட இருக்கிற கிருமி. பலத்தைக் குறைச்சு வெச்சிருக்காங்க, அவ்வளவுதான். உடம்புல எதிர்ப்புச் சக்தி சரியா இருக்கிறவங்களுக்கு ஒண்ணும் பண்ணாது. இல்லாதவங்களுக்கு அதே ஊசி நோயா மாறும். அதனால ஒண்ணு கேக்குறேன், யோசிச்சுச் சொல்லுங்க. கூடப்பிறந்தவங்கள்ல சின்னக் குழந்தையிலேயே யாராவது தவறிப் போனாங்களா? விடாத காய்ச்சல், வாய்ப்புண், காசநோய் ஊசி போட்ட இடத்துல ஆறாத புண், இந்த மாதிரி?"

"இல்ல டாக்டர். ரெண்டு அண்ணன். ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க."

டாக்டர் காத்திருந்தாள். பேனா காற்றில் நின்றது.

ஜிபாரின் வாய் திறந்தது. பிறகு மூடிக்கொண்டது. ஒரு கையெழுத்து, ஒரு முத்திரை. எதிர் அறைக்குப் போகச் சொன்னார்கள்.

தாழ்வாரத்துப் பெஞ்சில் கென்ஜேவின் கோட்டை மடியில் வைத்துக்கொண்டு ஜிபார் உட்கார்ந்தாள். எதிர் அறைக் கதவு பாதி திறந்திருந்தது. நர்ஸ் கை கழுவும் சத்தம் கேட்டது.

ஆறாத புண்.

பெக்ஸாத்தின் சின்ன இடது தோள். ஊசி போட்ட இடம் ஆறவில்லை. சீழ் வைத்தது. அக்குளில் கட்டி. பிறகு காய்ச்சல், ஓயாத காய்ச்சல். ஏழாவது மாதம் இதே நகரத்தில் ஒரு வார்டில் அவன் போனான். மறுநாள் ஓர் இளம் டாக்டர் அவளைத் தனியே கூப்பிட்டு உட்கார வைத்தான். அவன் கண்ணும் சிவந்திருந்தது. 'இது ரத்தத்துல வர்ற விஷயம் அக்கா. உங்க மத்த பிள்ளைகளுக்கு எந்த ஊசி போடுறதுன்னாலும் முன்னாடியே டாக்டர்கிட்ட இதைச் சொல்லணும். மறந்துடாதீங்க.'

அவள் மறக்கவில்லை. வீட்டுக்கு வந்து நாற்பது நாள் கழிந்ததும் அத்தையிடம் சொன்னாள். உல்கான் நூல் சுற்றிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

'மத்த பிள்ளைகளா? உனக்குத்தான் வேற பிள்ளை இல்லையே.'

அதில் குரூரம் இல்லை. அந்தக் கிழவிக்கு அது உண்மை. கொடுத்தது கொடுத்ததுதான். அதற்குப் பிறகு ஜிபாருக்கு வேறு பிள்ளை பிறக்கவும் இல்லை. அந்த வாக்கியம் இருபது வருடமாக வீட்டுச் சுவர் மாதிரி நின்றுவிட்டது.

இப்போது பேசினால் என்ன ஆகும்? இன்று ஊசி கிடையாது. பதினான்காம் தேதி கிடையாது. 'வாசலைத் தாண்டவிடாதவள்' என்ற பெயர் நிலைத்துவிடும். அத்தை முகத்தில் விழிக்க முடியாது. பேசாவிட்டால்? ஒன்றும் ஆகாமலே போகலாம். பெண் நன்றாகத்தானே வளர்ந்திருக்கிறாள். ஒன்றும் ஆகாது. ஒன்றும் ஆகாது.

ஸ்பிரிட் வாடை தாழ்வாரம்வரை வந்தது. அந்த வார்டின் வாடை.

கோட்டு தரையில் விழுந்தது. ஜிபார் எழுந்தது அவளுக்கே தெரியவில்லை.

*

"நிறுத்துங்க!"

நர்ஸின் கையில் ஊசி தயாராக இருந்தது. கென்ஜேவின் புஜத்தில் பஞ்சு துடைத்த ஈரம் மின்னியது.

"என்ன அண்ணி? பயமா இருந்தா வெளியில உக்காருங்க. ஊசி எனக்குத்தான்."

"டாக்டரைக் கூப்பிடுங்க. அந்தப் படிவத்துல ஒண்ணு தப்பா இருக்கு."

நர்ஸ் முறைத்தாள். ஆனாலும் ஊசியைத் தட்டில் வைத்தாள். டாக்டர் தமீரா கையில் படிவத்தோடு வந்து நின்றாள்.

"எந்த இடம் தப்பு?"

"கூடப்பிறந்தவங்க." ஜிபார் படிவத்தைக் காட்டினாள். "இவளுக்கு ஒரு தம்பி இருந்தான். ஏழு மாசத்துல போயிட்டான். நீங்க சொன்னீங்களே அந்தப் புண்ணு, அந்தக் காய்ச்சல், எல்லாமே இருந்துச்சு."

கென்ஜே இரக்கத்தோடு சிரித்தாள். "டாக்டர், அவங்க தன்னோட குழந்தையைச் சொல்றாங்க. இன்னைக்கு வழியில இடுகாட்டைப் பாத்ததுலேந்து மனசு சரியில்ல அவங்களுக்கு. அவன் என் அண்ணன் பிள்ளை. எனக்கு மருமகன் மு..."

சொல் பாதியில் நின்றது.

கென்ஜே வாயைத் திறந்தபடியே அண்ணியைப் பார்த்தாள். ஒரு கணக்கைப் பல வருடமாகத் தப்பாகப் போட்டு வைத்திருந்தவள், தப்பு எந்த வரியில் என்று கண்டுபிடித்த முகம் அது.

டாக்டர் கதவைச் சாத்தினாள். குரலைத் தாழ்த்தினாள்.

"அந்தப் பையனைப் பெத்தது யாரு?"

"நான்."

"இந்தப் பொண்ணை?"

ஜிபாரின் கை தானாகவே வாயைப் பொத்தப் போனது. பாதி வழியில் இறங்கிவிட்டது.

"நான்தான்."

 டாக்டர் தமீரா ஆச்சரியப்படவில்லை. இந்த ஊரில் இருபத்தைந்து வருடம் டாக்டராக இருந்தவள். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, ஒவ்வொன்றாகக் கேட்டாள். புண் எப்போது தொடங்கியது? கட்டி எந்தப் பக்கம்? ஜிபாரின் அண்ணன் தம்பிகளில் யாராவது குழந்தையிலேயே போனார்களா? ஜிபார் யோசித்துவிட்டு, தனக்கு முன்னால் பிறந்த ஓர் அண்ணன் ஒரு வயதாகுமுன் இறந்ததாக அம்மா சொல்லக் கேட்டிருப்பதாகச் சொன்னாள். டாக்டரின் பேனா அந்த இடத்தில் ஒரு கோடு கிழித்தது.

"பயமுறுத்த மாட்டேன்," என்றாள் பிறகு. கென்ஜேவைப் பார்த்துத்தான் சொன்னாள். "உங்களுக்குக் குழந்தையில தட்டம்மை ஊசி போட்டிருக்காங்க. அதுவும் உயிருள்ள கிருமிதான். ஒண்ணும் ஆகல. தோள்ல தழும்பும் நல்லா ஆறியிருக்கு. இந்த வியாதி பெரும்பாலும் அம்மா வழியா வந்து ஆம்பளைப் பிள்ளைங்களைத்தான் பிடிக்கும். நீங்க நல்லாத்தான் இருப்பீங்க. ஆனா பெரும்பாலும்னு ஒரு வார்த்தையை நம்பி நான் இந்த ஊசியப் போட மாட்டேன். ரத்தம் எடுப்போம். உங்களுக்கும் அம்மாவுக்கும்."

அம்மா என்று டாக்டர் சொன்னபோது இரண்டு பேருமே தரையைப் பார்த்தார்கள்.

"எப்ப தெரியும்?" என்றாள் கென்ஜே.

"வெள்ளிக்கிழமை."

"இன்னைக்குப் போடலேன்னா நான் பதினாலாம் தேதி போக முடியாது."

"தெரியும். கம்பெனிக்கு ஒரு கடிதம் தர்றேன். ஏத்துக்கிறது அவங்க கையில." டாக்டர் எழுந்தாள். கதவருகே தயங்கினாள். "இது கானாவோட முடியுற விஷயமும் இல்லம்மா. நாளைக்கு உங்களுக்குக் கல்யாணம் ஆகி ஒரு பையன் பிறந்தா, அவனுக்கு முதல் ஊசி போடுறதுக்கு முன்னாடி இந்த ரிசல்ட் வேணும். இன்னைக்கு இவங்க பேசினது அவனுக்காகவும்தான்."

*

தாழ்வாரத்தில் கென்ஜே ஜன்னல் பக்கம் திரும்பி நின்றாள். சட்டைக் கையை இறக்கிவிடக்கூட இல்லை.

ஜிபார் தரையில் கிடந்த கோட்டை எடுத்துத் தட்டினாள். தட்டிக்கொண்டே இருந்தாள்.

"சின்னக்குட்டி..."

"எனக்குத் தெரியும்."

"என்ன தெரியும்?"

"நீங்க பெத்தீங்கன்னு. பன்னெண்டு வயசுல பள்ளிக்கூடத்துல ஒருத்தி சொன்னா. சண்டை போட்டு அவ முடியைப் பிச்சேன். வீட்டுக்கு வந்து கண்ணாடில பாத்தேன். உங்க மூக்கு." கென்ஜே திரும்பவில்லை. "நீங்க சொல்வீங்கன்னு காத்திருந்தேன். பதினாறு வயசுவரைக்கும் காத்திருந்தேன். அப்புறம் விட்டுட்டேன்."

ஜிபார் கோட்டோடு பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள்.

"ஆனா அவன் என் தம்பின்னு எனக்குத் தோணவே இல்ல," என்றாள் கென்ஜே. குரல் இப்போதுதான் உடைந்தது. "நீங்க என்னைப் பெத்தீங்க, அது தெரியும். நீங்க அவனைப் பெத்தீங்க, அதுவும் தெரியும். ரெண்டையும் ஒண்ணாச் சேத்துப் பாக்கவே இல்ல. இன்னைக்குக் காலையில அனைவரும் நலம்னு என் கையால எழுதினேன். பஸ்ல 'உங்க பெக்ஸாத்'னு சொன்னேன். நீங்க ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டீங்க. பேசாம இருந்தீங்க!"

"ஆமா."

"ஊசி உள்ள போயிருந்தா?"

"அதான் வந்தேன்."

"இருபத்தி நாலு வருஷம் வாயைத் திறக்கல. இன்னைக்குத் திறந்தீங்க, என் டிக்கெட்டு போச்சு." அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "என்னைப் போகவிடக் கூடாதுன்னுதானே பண்ணீங்கன்னு சண்டை போடணும்னு இருக்கு. போட முடியல. உங்க மூஞ்சியப் பாத்தா போட முடியல."

"போடு. நான் கேட்டுக்கிறேன்."

"ஒரு தடவையாவது என்னைத் திருப்பிக் கேட்டீங்களா? அவன் போன பிறகாவது?"

ஜிபார் கோட்டை மடித்தாள். ஒழுங்காக, கைகளை உள்ளே மடக்கி, வீட்டில் மடிப்பது போல.

"ஒரு தடவை கேட்டேன். அன்னைக்கு ராத்திரி உனக்குக் காய்ச்சல். அத்தை உன்னைத் தோள்ல போட்டுக்கிட்டு விடிய விடிய நடந்தாங்க. உக்காரவே இல்ல. நீ அவங்க கழுத்தைக் கட்டிக்கிட்டு, என்னைப் பாத்து, 'அண்ணி, தண்ணி'ன்னு கேட்டே. தண்ணி கொண்டாந்து குடுத்தேன். அதுக்கப்புறம் கேக்கல."

கென்ஜே மெல்லச் சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டாள்.

*

ரத்தம் எடுக்கிற ஜன்னலில் வரிசை இல்லை. உள்ளே இருந்த பெண் குழாய்களில் ஒட்டும் சீட்டை எழுதிக்கொண்டிருந்தாள்.

"உங்க பேரு?"

"ஜிபார்."

"எந்தப் பேஷண்ட்டோட சேத்து?"

ஜிபாரின் கண் அந்தச் சீட்டில் நின்றது.

"எந்தப் பேஷண்ட்டும்மா? பேரைச் சொல்லுங்க. மாறிப் போச்சுன்னா அப்புறம் என்னைத்தான் திட்டுவாங்க."

ஜிபார் திரும்பிப் பார்த்தாள். கென்ஜே இரண்டடி தள்ளித்தான் நின்றாள். அவள் நினைத்திருந்தால் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. கைகளைக் கட்டிக்கொண்டு காத்திருந்தாள்.

சாப்பிடக் கூப்பிட்டபோதும், பனியில் விளையாடியவளை அதட்டியபோதும், பட்டமளிப்பில் மேடைக்குக் கீழே நின்று எல்லோரும் கத்தியபோதும், ஜிபார் அந்தப் பெயரைச் சொன்னதில்லை. வாய்க்குள் சொல்லிப் பார்த்திருக்கிறாள். உதடு அசையாமல்.

"கென்ஜே," என்றாள்.

குரல் அவளுடையது மாதிரியே இல்லை. சீட்டு எழுதுகிறவளுக்குக் காது கேட்கவில்லையோ என்று இன்னொரு தடவை, கொஞ்சம் உரக்கச் சொன்னாள். "கென்ஜே."

அவள் பின்னால் யாரோ மூச்சை இழுத்துப் பிடித்தார்கள்.

"என்ன உறவு?"

ஜிபார் மறுபடியும் திரும்பினாள். கென்ஜேவின் கண் நிறைந்திருந்தது. ஆனாலும் அவள் உதவிக்கு வரவில்லை. 'அதையும் நீங்களேதான் சொல்லணும்' என்பதுபோல நின்றாள்.

"பெத்தவ," என்றாள் ஜிபார்.

சீட்டு எழுதுகிறவள் எழுதினாள். அவளுக்கு அது ஒரு வார்த்தை. கையை நீட்டச் சொன்னாள். ஜிபார் சட்டையை மடித்து நீட்டினாள். அடுத்த நாற்காலியில் கென்ஜே வந்து உட்கார்ந்து, அவளும் கையை நீட்டினாள். ஒரே இடத்தில், முழங்கை மடிப்புக்குச் சற்று மேலே, இரண்டு பேருக்கும் நரம்பு பச்சையாகத் தெரிந்தது.

இரண்டாவது குழாய் நிறைந்துகொண்டிருக்கும்போது கைப்பைக்குள் போன் அடித்தது.

கென்ஜே இடது கையால் துழாவி எடுத்தாள். திரையில் 'அம்மா' என்று மின்னியது. மாவு பிசைந்து வைத்துவிட்டு அடுப்புப் பக்கத்தில் காத்திருக்கிற உல்கான்.

போன் அடித்துக்கொண்டே இருந்தது. கென்ஜே அதைச் சற்று நேரம் பார்த்தாள். பிறகு பஞ்சை அழுத்திப் பிடித்திருந்த ஜிபாரின் பக்கம் நீட்டினாள்.

"நீங்க பேசுங்க, அண்ணி."

ஜிபார் பஞ்சை விட்டுவிட்டுப் போனை வாங்கினாள்.